யானைப் பசிக்கு எத்தனை வாட்?

இடிந்த சுவருக்குப் பின்னால் எதிரியின் தலை தெரிந்தது. ஜெபகுமார் மூச்சைப் பிடித்துக்கொண்டு குறிவைத்தான், சுட்டான். எதிரி செத்தானா இல்லையா என்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் செத்துப்போயிற்று.

திரை கறுத்தது. பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்த விசிறிகள் ஓய்ந்தன. ஆனால் மானிட்டரின் மூலையில் சின்ன விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. தலைக்கு மேல் ஃபேனும் ஓடியது. கரண்ட் போகவில்லை. பட்டனை அமுக்கியதும் கம்ப்யூட்டர், தூங்கி எழுந்த குழந்தை மாதிரி, ஒன்றும் நடக்காதது போல் விழித்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் இது மூன்றாவது சாவு.

வெறும் விளையாட்டாக இருந்தால் ஜெபகுமார் இரண்டு கெட்ட வார்த்தையோடு விட்டிருப்பான். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு இதே கம்ப்யூட்டரில் அவன் மனைவி பிரவீனா பரீட்சை எழுத வேண்டும்.

பிரவீனாவுக்குச் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. ஐந்து வருஷமாக மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, போர்டு போர்டாகப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது இரண்டு கண்ணும் சிவந்து நீர் வடியும். அந்த லைனை விட்டு டிசைன் செக்‌ஷனுக்குப் போக ஒரே வழி இந்தப் பரீட்சை. வீட்டிலிருந்தே, கேமரா போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் எழுத வேண்டும். நடுவில் சிஸ்டம் அணைந்தால் பரீட்சையும் அங்கேயே முடிந்தது. அடுத்த வாய்ப்பு அடுத்த வருஷம்தான்.

அவளுக்காகத்தான் கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டே வாங்கினான். அவள் படிக்கிற டிசைன் கோர்ஸ்காரர்கள் சாதாரணக் கார்டே போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். இவன் அதைவிட மூன்று படி பெரியதாக வாங்கி வந்தான். "நாளைக்கு நீ பெரிய பெரிய டிசைன்லாம் போடுவல்ல?" என்றான். பிரவீனாவுக்கு நெகிழ்ந்துவிட்டது. அந்தக் கார்டில் துப்பாக்கிச் சண்டை எவ்வளவு அழகாக ஓடும் என்பதை அவன் சொல்லவில்லை. மனைவிக்கு வாங்கிய புடவையைக் கணவன் கட்டிப் பார்க்க முடியாது. கார்டைப் போட்டுப் பார்க்கலாம், தப்பில்லை.

கார்டு வந்த அட்டைப்பெட்டியில், 'பவர் சப்ளை ஐநூற்று ஐம்பது வாட் வேண்டும்' என்று அச்சடித்திருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கிற அந்தப் பெட்டி நானூற்று ஐம்பதுதான். அந்த வரியின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டுதான் ஜெபகுமார் மிச்சத்தைப் படித்தான். 'பார்த்துக்கலாம்' என்றான். இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஜெபகுமார் ஒன்றும் ஏனோதானோ ஆள் கிடையாது. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நட்டு வெல்டிங் மெஷின் ஆப்பரேட்டர். இரண்டு கையாலும் தகட்டையும் நட்டையும் பொருத்தி, கையை எடுத்து, வலது காலால் பெடலை ஓர் அமுக்கு. டக். அடுத்தது. ஒரு ஷிப்டுக்கு இரண்டாயிரம் நட்டு. நாலு வருஷத்தில் ஒரு நட்டு விட்டுப்போனதில்லை என்று கம்பெனியில் சான்றிதழே கொடுத்திருக்கிறார்கள். ஹாலில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டியிருக்கிறான். நின்று நின்று குதிகால் வலி வந்ததால் வீட்டுக்குள்ளும் தடித்த ரப்பர் செருப்புதான்.

கம்பெனி ஒழுங்கு வீட்டுக்கும் வந்துவிட்டது. எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று கம்பெனியில் தரையில் மஞ்சள் டேப் ஒட்டுவார்கள் அல்லவா? மண்ணூரில் இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த அன்றே கம்ப்யூட்டர் மேசைக்கும் ஒட்டிவிட்டான். மவுசுக்கு ஒரு கட்டம், தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு வட்டம், மேசைக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு ஒரு செவ்வகம். "வூடா இது, இல்ல உன் கம்பெனியா?" என்று பிரவீனா கேட்டாள். "ராத்திரி தூக்கத்துலகூட நட்டு அடிக்கிறேன்னு என்ன எட்டி உதைக்கிற" என்றும் சேர்த்துக்கொண்டாள். ஜெபகுமார் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

பிரவீனாவிடம் இந்தச் சாவுகளைப் பற்றி அவன் மூச்சுவிடவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணை எதற்குக் கலவரப்படுத்துவது? புதன்கிழமை காலை ஷிப்டு முடிந்ததும் நேராகச் சுங்குவார்சத்திரம் ரங்கநாதன் கடைக்குப் போனான்.

ரங்கநாதன் கம்ப்யூட்டர் விற்பார், பழுது பார்ப்பார், எல்லாவற்றுக்கும் மேலாகக் கருத்துச் சொல்வார்.

"நானூத்தி அம்பதா? இன்னாபா ஜெபா, யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்டுகினு கீற!"

"கணக்கு போட்டுகினு வந்தேண்ணே." ஜெபகுமார் ஒரு தாளை நீட்டினான். கார்டுக்கு இருநூறு வாட், பிராசஸருக்குத் தொண்ணூற்று ஐந்து, விசிறி, டிஸ்க், பெட்டிக்குள் மினுக்கும் நீல விளக்கு, மவுசுக்கு இரண்டரை வாட் வரை ஒன்றுவிடாமல் எழுதியிருந்தான். மொத்தம் முந்நூற்று எண்பது.

"நானூத்தி அம்பது போதும்னுதானே வருது?"

"கணக்கு கரெக்ட்டுதான். ஆனா கார்டு உன் கணக்கு பாத்தா கரண்ட் இழுக்கும்? சண்டைல பட்டுனு ஒரு இழுப்பு இழுக்கும் பாரு, அப்ப தாங்கணும். அட்டப்பொட்டில ஐநூத்தி அம்பதுன்னு போட்டுகீது. நான் அறுநூத்தி அம்பது தரேன். வேணான்னா திருப்பிக் குடு, மாத்தித் தரேன்."

சாயங்காலம் நாலரைக்கு அறுநூற்று ஐம்பது ஏறியது. ஐந்துக்கு ஜெபகுமார் குறிவைத்தான், சுட்டான். கறுப்பு.

ஆறரைக்கு பிரவீனா வந்தாள். முகம் கழுவி, காபி குடித்து, நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திரையில் பல்சக்கரங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதரை வரை. ஜெபகுமார் பின்னால் நின்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு சிமிட்டல்கூட இல்லை.

"இன்னாத்துக்கு பின்னாடியே நிக்கிற?"

"நீ படிக்கிற அழகப் பாக்குறேன்."

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இப்படி ஒரு வசனம் வந்ததில்லை.

வியாழக்கிழமை டீ டைமில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் நம்பிராஜனைப் பிடித்தான். நம்பிராஜன் திருநெல்வேலிக்காரர். ரோபோ மக்கர் செய்தாலும் கேன்டீன் மிக்சி மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"ஏலே, இது ஒரு விசயமா? கம்பெனில மோட்டார் மாத்துனா என்ன செய்யோம்? தேவைக்கு மேல கால் பங்கு கூட்டிப் போடுவோம்லா? எவ்வளவு இருக்கு?"

"அறுநூத்தி அம்பது சார்."

"கால் பங்கு கூட்டு. எண்ணூத்திச் சொச்சம் வருதா? எண்ணூத்தி அம்பது போடு. அசையாது."

அறுநூற்று ஐம்பதே ரங்கநாதன் கூட்டியது, அதற்கு முன் அட்டைப்பெட்டிக்காரன் கூட்டியது என்பது ஜெபகுமாருக்கு உறைக்கவில்லை. அந்தத் தொழிற்சாலைப் பேட்டையில் யாரும் அடுத்தவர் கூட்டியிருப்பார் என்று நம்பிச் சும்மா இருப்பதில்லை. கேன்டீனுக்கு நூறு பேர் சாப்பாடு என்றால் சூப்பர்வைசர் நூற்றுப்பத்து என்பார், மேனேஜர் நூற்றிருபது என்பார், சமையல்காரர் நூற்றைம்பதுக்கு உலை வைப்பார். வாட்டும் அப்படித்தான் பொங்கியது.

எண்ணூற்று ஐம்பது வந்தது. அதன் வயர் முன்னதைவிட விறைப்பு. பாக்ஸில் செருகினால் பிளக் லேசாகத் தலைதூக்கி நின்றது. பாக்ஸை மஞ்சள் கட்டத்துக்குள் கோடு பிசகாமல் வைத்துவிட்டு விளையாட உட்கார்ந்தான். முன்பு மூன்று சாவு. இப்போது ஒரு மணி நேரத்தில் ஏழு.

கம்பெனியில் ஒரு பழுது தீராவிட்டால் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்டு எழுதச் சொல்வார்கள். ஐந்தாவது ஏனில் மூலகாரணம் சிக்கும் என்பது நம்பிக்கை. ஜெபகுமார் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினான். ஏன் அணைகிறது? பவர் போதவில்லை. ஏன் போதவில்லை? கார்டு பெரியது. ஏன் பெரியது? நான் வாங்கினேன். ஏன் வாங்கினேன்? பிரவீனா பரீட்சை. ஏன் பிரவீனா? கல்யாணம். தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டான். இது பிரவீனா கண்ணில் படக்கூடிய மூலகாரணம் அல்ல.

வெள்ளிக்கிழமை ரங்கநாதன் தலையைச் சொறிந்தார். பிறகு மேல் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை இரண்டு கையாலும் இறக்கினார்.

"ஆயிரத்தி இருநூறு. இதுக்கு மேல வோணும்னா நீ பவர் ஹவுஸ்லதான் கேக்கணும்."

"இது தாங்குமாண்ணே?"

"இத வச்சி உன் தெருவுக்கே லைட்டு போடலாம்பா!"

அதன் வயர் கட்டைவிரல் தடிமன். பிளக்கோ ஏசிக்குப் போடுகிற பெரிய மூன்று முள் பிளக். வீட்டிலிருந்த பாக்ஸில் அது நுழையாது என்பதால், ரங்கநாதன் இரும்புக் கூடு போட்ட பெரிய பாக்ஸ் ஒன்றையும் தலையில் கட்டினார். ஜெபகுமார் பழைய மஞ்சள் டேப்பைப் பிய்த்து, புதுப் பாக்ஸுக்கு அளவெடுத்து, அதே இடத்தில் பெரிய கட்டமாக ஒட்டினான். பிளக் நாலு விரல் உயரத்துக்குக் கம்பீரமாக நின்றது.

இப்போது ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு சாவு. எதிரியைச் சுட்டால் போதும், திரை கறுத்தது. சுடாமல் ஓடி ஒளிந்துகொண்டே இருந்தால் அணையவில்லை. அரை மணி நேரம் ஒரு புதருக்குள் ஒளிந்திருந்து சோதித்துப் பார்த்தான். கம்ப்யூட்டர் கல்லுப்பிள்ளையாராக இருந்தது.

நம்பிராஜனுக்கு ஃபோன் போட்டான்.

"சுடும்போதுதான் போகுதா? அப்ப நான் சொன்னது சரிதாம்ல. சுடும்போது கார்டு ஒரு இழுப்பு இழுக்குது, உன் வீட்டு லைன் தாங்கல. கீழ மீட்டர் பக்கத்துல இருந்து தனியா ஒரு லைன் இழுத்துரு."

"பிரவீனா மூணு மணி நேரம் டிசைன் போடுறா சார். அவளுக்குப் போவலியே?"

"டிசைன் மாட்டு வண்டி மாதிரி ஒரே சீரா இழுக்கும். சண்டை அப்படியா?"

சரியாகத்தான் பட்டது. தப்பான காரணம் எப்போதுமே சரியான காரணத்தைவிட வடிவாக இருக்கும்.

கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மா கோவிந்தம்மா மாவு வியாபாரம் செய்கிறார். சுற்றியிருக்கும் ஹாஸ்டல்களில் ஞாயிற்றுக்கிழமை இட்லி வேகிறது என்றால் அது கோவிந்தம்மா ஆட்டிய மாவு. சனிக்கிழமை மதியம் பெரிய கிரைண்டர் கடகடத்துக்கொண்டிருந்தபோது ஜெபகுமார் வயர் சுருளோடு போய் நின்றான்.

"யக்கா, மீட்டர் பக்கத்துல சின்ன வேல ஒண்ணு கீது."

"இன்னாமோ பண்ணு. என் கிரைண்டர்ல மட்டும் கைய வெக்காத."

கிரைண்டரில் கை வைக்கவில்லைதான். ஃபோனில் நம்பிராஜன் சொல்லச் சொல்ல வயரைப் பூட்டி, மாடிக்கு ஓடி, கம்ப்யூட்டரைப் போட்டான். கீழே 'டப்' என்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. கிரைண்டரின் கடகடப்பும் நின்றது. அதற்குப் பிறகு கோவிந்தம்மாவின் குரல் ஒன்றுதான் அந்தத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

அரை நாள் வேலை முடிந்து பிரவீனா வந்தபோது, ஜெபகுமார் கிரைண்டர் கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தான். பாதி ஆட்டிய உளுந்து முழங்கை வரை.

"உன் வூட்டுக்காரு கம்ப்யூட்டருக்கு சோறு போடுறேன்னு என் மாவுல மண்ணு போட்டுட்டாரு" என்றார் கோவிந்தம்மா.

நம்பிராஜன் பைக்கில் ஓடிவந்து, இழுத்த லைனைப் பிடுங்கி, கருகிய ஃபியூஸை மாற்றி, கோவிந்தம்மாவிடம் தன் பங்குக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். கரண்ட் வந்தது. அதற்குள் எல்லா உண்மையும் வெளியே வந்திருந்தது.

பிரவீனா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஜெபகுமார் நினைத்தான்.

"செவ்வாக்கிழமலேந்தா?"

"ம்."

"சொல்லியிருந்தா நான் யார்னா ஃபிரெண்டு வூட்லயாவது கேட்டிருப்பேன்ல? இனிமே நான் எங்க போவேன்?"

"நான் சரி பண்ணிடலாம்னுதான் பிரவீ..."

"எனக்கு ஒரு வாட்டி கூட ஆஃப் ஆவலியே."

"நாளைக்கு ஆவாதுன்னு எப்படிச் சொல்றது?"

பிரவீனா சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கத்தானே இத்தனையும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை. இருவரும் சர்ச்சுக்குப் போகவில்லை. பத்தரைக்கு பிரவீனா அடையாள அட்டையை மேசைமேல் வைத்தாள். தண்ணீர் பாட்டில் வட்டத்துக்கு வெளியே இருந்தது, ஜெபகுமார் அதை நகர்த்தவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கோவிந்தம்மா கீரைக்கட்டோடு மேலே வந்தார். கிரைண்டரைக் கழுவித் தருவதாக நேற்று ஜெபகுமார் வாக்குக் கொடுத்திருந்தான்.

"இப்ப வரேன்கா, பத்து நிமிசம்."

"நீ வர்ற வரைக்கும் நான் நவுர மாட்டேன்." கோவிந்தம்மா வாசல் பக்கம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய ஆரம்பித்தார்.

பிரவீனா கைகட்டி நின்றாள். "ஒரு வாட்டி என் எதுர்ல வெளாடிக் காட்டு. எப்படிப் போவுதுன்னு நானும் பாக்குறேன்."

ஜெபகுமார் உட்கார்ந்தான். செருப்பு மாட்டிய காலை வழக்கம்போல் மேசைக்கு அடியில் நீட்டினான். எதிரி வந்தான். இவன் குறிவைத்தான், சுட்டான். கறுப்பு.

"இன்னொரு வாட்டி."

சுட்டான். கறுப்பு. மானிட்டர் மூலையில் சின்ன விளக்கு மட்டும் எரிந்தது.

மூன்றாம் முறை நன்றாகக் குனிந்து, கண்ணைத் திரையில் ஒட்டவைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துச் சுட்டான். எதிரி விழும்போதே திரையும் விழுந்தது.

மணி பத்து நாற்பத்தைந்து. பிரவீனா அடையாள அட்டையைக் கையில் எடுத்தாள்.

"வுடு. அடுத்த வருசம் பாத்துக்கலாம். இன்னும் ஒரு வருசம் மைக்ரோஸ்கோப்தான, செத்தா பூடுவேன்?"

ஜெபகுமார் எழுந்து நின்றான். நாலு வருஷத்தில் ஒரு நட்டைக்கூட விடாதவன், பெண்டாட்டிக்கு ஒரே ஒரு காரியத்தைச் செய்ய முடியாமல் நிற்கிறான். "மன்னிச்சிரு பிரவீ. என்னால எவ்ளோ வாட்டு போட முடியுமோ அவ்ளோ போட்டுட்டேன்" என்றான்.

தரையில் உட்கார்ந்திருந்த கோவிந்தம்மா கீரைக்காம்பைக் கிள்ளுவதை நிறுத்திவிட்டு, மேசைக்கு அடியில் அந்த மஞ்சள் கட்டத்தைப் பார்த்தார், இவன் காலைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

"ஏம்பா ஜெபா, நானும் மூணு தபா பாத்துட்டேன், ஒவ்வொரு வாட்டியும் சுட்ட ஒடனே அந்தப் பெரிய பிளக்க இன்னாத்துக்கு கால்ல போட்டு மிதிக்கிற?"